அவன் போடாத மண்

2003-ஆம் வருடம், ஆவணி மாதம். குன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் நடந்தது. இன்றைக்கும் அதே ஊரில், அதே வீட்டில்தான் இருக்கிறேன். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் வீடு ரொம்ப தூரமில்லை. சாயங்காலம் அரியலூர்ப் பக்கமிருந்து பெரம்பலூர் போகிற பஸ் எங்கள் ஸ்டாப்பில் நின்று ஹாரன் அடித்தால் எங்கள் அடுப்படி வரைக்கும் கேட்கும்.

அந்த பஸ்ஸில்தான் என் கணவர் தினமும் வேலை முடிந்து வருவார். ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் பேக்டரியில் மூட்டை ஏற்றும் வேலை. எங்களுக்கு ஒரே பையன், அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. மூளை வளர்ச்சி குறைவு என்று அவன் தவழ்கிற வயசிலேயே திருச்சியில் டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சு ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வரும். சில்லறை எண்ணத் தெரியாது, பஸ் போர்டு படிக்கத் தெரியாது. ஆனால் ஆடு மேய்ப்பான், தண்ணீர் எடுப்பான், அவன் துணியை அவனே துவைத்துக்கொள்வான். ஹாரன் சத்தத்தை வைத்தே எந்த பஸ் என்று சொல்லிவிடுவான். எட்டாவது வரைக்கும் படித்த எனக்கு அது இன்னும் பிடிபடவில்லை.

பஸ் வருகிற நேரத்துக்கு ஸ்டாப்பில் போய் நிற்பது அவன் வேலை. அப்பா இறங்கியதும் சோற்றுத் தூக்கை இவனிடம் கொடுப்பார். தூக்கை ஆட்டிக்கொண்டே இவன் முன்னால் வருவான், அவர் பின்னால் வருவார். நாளெல்லாம் மூட்டை சுமந்தது இவன்தான் என்பது போல ஒரு நடை! வாசலில் நின்று "வந்துட்டோம்" என்பான். அப்பா வந்துட்டாரு என்று ஒருநாளும் சொன்னதில்லை. எப்போதும் "வந்துட்டோம்"தான்.

கல்யாணம், காதுகுத்து என்று எங்கே கிளம்பினாலும் அவர் பையனையும் கூட்டிக்கொண்டுதான் வருவார். பந்தியில் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்வார். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தால் எனக்குத்தான் கூசும், அவர் கண்டுகொள்ளவே மாட்டார். அந்த வருடம் சித்திரையில் எங்கள் வெள்ளாட்டுக் குட்டி ஒன்று பாம்பு கடித்துச் செத்துப்போனது. பையன் ஒரு நாள் பூராவும் சோறு தண்ணியில்லாமல் கிடந்தான். அவனுக்குத் தெரியாமல் எங்கேயாவது தூக்கிப் போட்டுவிட்டு வாருங்கள் என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. இவனையே மண்வெட்டி எடுக்கச் சொல்லி, காட்டு ஓரத்து வேப்பமரத்தடியில் இரண்டு பேருமாகக் குழி வெட்டிப் புதைத்தார்கள்.

"ஒரு பிடி மண்ணு போடுடா. போட்டியா? அவ்ளோதான். இனிமே அதத் தேடக் கூடாது" என்றார்.

இவனும் தலையை ஆட்டினான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், மறுநாளிலிருந்து அந்தக் குட்டியை அவன் தேடவே இல்லை.

ஆவணியில் ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனவர், மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். கூட இருந்தவர்கள் அரியலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள், வழியிலேயே உயிர் போய்விட்டது. மத்தியானம் சேதி வந்தது. வீடு முழுக்க ஜனம். நான் ஒரு மூலையில் கிடந்தேன். என்னைச் சுற்றிப் பேசியது மட்டும் காதில் விழுந்துகொண்டிருந்தது.

"அவன இங்க வெச்சிருக்காதீங்க, பாத்தா பயந்துக்குவான்."

"அவனுக்கு என்னா புரியப் போவுது, பாவம். கூட்டத்துல எதாச்சும் பண்ணிட்டான்னா?"

என் அண்ணனும் அவர் மனைவியும் தா.பழூரிலிருந்து வந்திருந்தார்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று பையனிடம் சொல்லி, அண்ணன் தன் மனைவியோடு அவனை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார். "நான் ஸ்டாப்புக்குப் போவணும்" என்று அவன் முரண்டு பிடித்தான். "இன்னிக்கு மாமா போயிக்கிறேன்டா" என்று அண்ணன் சமாதானம் சொன்னார். அவன் போன பிறகுதான் உடம்பு வந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. என்னைக் கேட்டிருந்தால், இருந்த நிலைமையில் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

மறுநாள் என் கொழுந்தனார் மகன் மொட்டை போட்டுக் குடம் உடைத்தான். எங்களில் புதைப்பதுதான் வழக்கம். வந்தவர் போனவர் எல்லாரும் மண் போட்டுவிட்டு வந்தார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது என்று பேசிக்கொண்டார்கள். பெற்ற பிள்ளை தா.பழூரில் மாமா வீட்டில் டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கருமாதி முடிந்து அவனைக் கொண்டுவந்து விட்டார்கள். சொந்தங்களும் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். அப்புறம் அந்த வீடு இருந்த இருப்பு இருக்கிறதே, எதிரிக்கும் வேண்டாம். தெருவில் நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் என்னைப் பார்த்தால் கொஞ்சம் ஒதுங்கி நிற்பார்கள். எதிர்வீட்டுக்காரி முன்பெல்லாம் அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்தால்கூட அரை மணி நேரம் வம்பளப்பாள், இப்போது வாசலோடு விசாரித்துவிட்டுப் போய்விடுவாள். நான் மூன்று பேருக்கு உலை வைத்துவிட்டு, அப்புறம் ஞாபகம் வந்து அரிசியை எடுப்பேன்.

பேக்டரியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த அவருடைய தூக்கைப் பரணில் போட்டிருந்தேன். பையன் கண்ணில் பட்டால் என்ன பதில் சொல்வது?

"அப்பா எங்க?" என்று கேட்டான்.

"சாமிகிட்ட போயிருக்காருடா."

"எந்த ஊரு?"

"ரொம்ப தூரம்."

"எந்த பஸ்ஸுல வருவாரு?"

 அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலமே ஸ்டாப்புக்குக் கிளம்பிவிட்டான். பஸ் போன பிறகு வந்து வாசலில் நின்று, "வரல" என்றான். மறுநாளும் போனான், மறுநாளும் "வரல" என்றான். தினமும் இதே கதைதான். முதலில் அழுகை வந்தது. போகப் போக எரிச்சல் வந்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஒரு நாள் அடக்க முடியாமல் கத்திவிட்டேன்.

"வர மாட்டாருன்னு சொல்றேன்ல, ஏன்டா என் உசுர எடுக்கற?"

அவன் கோபித்துக்கொள்ளவே இல்லை. "வேல அதிகம்" என்றான். எனக்குச் சமாதானம் சொல்கிறான்!

அவனைத் திட்டினேனே தவிர, அந்த ஹாரன் கேட்கும்போது எனக்கும் கை வேலை ஓடாது. அவன் அங்கே போய் நிற்கிற வரைக்கும் அவர் இன்னும் வரவேண்டியவராகவே இருந்தார். இதை யாரிடம் சொல்ல முடியும்? பைத்தியம் என்பார்கள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் சாயங்காலம் ஹாரன் கேட்டது, பஸ் கிளம்பிப் போகிற சத்தமும் கேட்டது, பையன் மட்டும் வரவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் ஸ்டாப்பில் ஈ காக்கை இல்லை. டீக்கடைக்காரர், "ஒங்க பையன் வண்டியில ஏறுனத பாத்தனே, பெரம்பலூரு போறான்னுல்ல நெனச்சேன்" என்றார்.

 எங்கே இறங்குவான், இறங்கினால் எந்த ஊர் என்று சொல்லத் தெரியுமா, மழையில் ரோட்டைக் கடந்தால் என்னாவது? கூட வா என்று கூப்பிட ஒரு ஆள் இல்லை எனக்கு. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஸ்டாப்பிலேயே நின்றேன். தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன், பாதிப் பேரைத் திட்டவும் செய்தேன்.

அதே பஸ் பெரம்பலூர் போய்த் திரும்பி வந்தது. கண்டக்டர் பையனைக் கையைப் பிடித்து இறக்கினார்.

"நீங்க இவன் அம்மாவாங்க? ஏறுனதுலேருந்து ஒவ்வொரு சீட்டா குனிஞ்சு குனிஞ்சு பாத்தான்மா. யாரத் தேடுறேன்னு கேட்டேன், அப்பாவன்னான். ஒங்க வூட்டுக்காரரு தெனம் நம்ம வண்டியில வந்தவருதான? அவருதான் தவறிட்டாரே தம்பின்னு வாய விட்டுட்டேன். இவனுக்குச் சொல்லலைன்னு எனக்குத் தெரியாதும்மா. மன்னிச்சுக்குங்க."

பெரம்பலூர் ஸ்டாண்டில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, டிரைவர் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டி வந்திருக்கிறார். அந்த நேரத்தில் எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. நான் இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்ததைப் போட்டு உடைத்துவிட்டானே பாவி என்றுதான் மனசுக்குள் திட்டினேன். பஸ் போய்விட்டது.

வீட்டுக்கு நடந்தோம். தூறல் விடவில்லை. பையன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"அம்மா, அப்பா செத்துட்டாரா?"

பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. "ஆமாடா" என்றேன்.

"ஆட்டுக்குட்டி மாரியா?"

"ஆமா சாமி."

 வீடு தெரிகிற இடத்தில் நின்றுவிட்டான்.

"பொதச்சாச்சா?"

"பொதச்சாச்சு."

"நான் மண்ணு போடலியே."

அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவனும் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். அவர் போனதிலிருந்து எத்தனையோ பேர் வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்கள், அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போயிருக்கிறார்கள். இப்படி என்னோடு அழ அதுவரைக்கும் யாருமே இல்லை.

காலையில் முதல் வேலையாகக் கொழுந்தனார் வீட்டுக்குப் போய், பையனைச் சுடுகாட்டுக்குக் கூட்டிப் போய்க் காட்டச் சொன்னேன்.

"விடுங்க அண்ணி. எல்லாம் முடிஞ்சு போச்சு. இப்ப போயி அதக் கெளறணுமா? அங்க வந்து அவன் பயந்து கத்துனான்னா யாரு பாக்குறது?"

"அப்ப நானே கூட்டிட்டுப் போறேன்."

"நல்லாருக்கு. பொம்பளைங்க அங்க போற வழக்கம் உண்டா?"

"பெத்த புள்ளைய ஊருக்கு அனுப்பிட்டுப் பொதைக்கிறதுதான் வழக்கமா?" என்று கேட்டுவிட்டேன்.  அப்படிக் கேட்டதற்கு இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

பரணிலிருந்து தூக்கை எடுத்துக் கழுவித் தண்ணீர் நிரப்பினேன். பார்த்ததும் "தூக்கு!" என்று வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். தெருவில் போகும்போது எதிர்வீட்டுக்காரி, "காலங்காத்தால எங்க கெளம்பிட்ட?" என்றாள். "எம் புருசன பாக்க" என்றேன். அப்புறம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. யாரும் கூட வரவும் இல்லை.

பருத்திக் காட்டைத் தாண்டி ஓடைக்கரையில் சுடுகாடு. அங்கே போய் நின்ற பிறகுதான் எனக்கே உறைத்தது, அவரை எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியாது. வாசலோடு என்னை நிறுத்திவிட்டார்களே, நான் எங்கே பார்த்தேன்? புதைத்துக் கொஞ்ச நாளான மேடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மழையில் பாதி அமுங்கிப்போய், தலைமாட்டில் குடத்தின் ஓடுகள் கிடந்தன. அதுதான் என்று தெரிந்தது.

"இங்கதான்டா" என்றேன்.

கத்துவான், தோண்டுவான் என்று எல்லாரும் பயந்தார்களே, எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அவன் அப்படி எதுவும் செய்யவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஈர மண்ணை ஒரு பிடி அள்ளி, மேட்டின் மேல் மெதுவாக வைத்துத் தட்டிக் கொடுத்தான். தூக்கிலிருந்த தண்ணீரைச் சிந்தாமல் சுற்றி ஊற்றினான். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீயும் போடும்மா" என்றான்.

நான் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை. அவனுக்காக என்றுதான் வந்திருந்தேன். நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

திரும்பும்போது காலித் தூக்கை ஆட்டிக்கொண்டு அவன் முன்னால் நடந்தான். வாசலில் வந்து நின்றான். "வந்துட்டோம்" என்று சொல்ல வீட்டுக்குள் ஆள் இல்லை, நான்தான் அவன் பின்னால் வந்துகொண்டிருந்தேனே. தூக்கை உள்ளே கொண்டுபோய் அதன் இடத்தில் கவிழ்த்தான்.

அன்று சாயங்காலம் ஹாரன் கேட்டது. பையன் ஆடுகளைக் கட்டிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கிக் கேட்டுவிட்டு, மறுபடி கயிற்றை முடிந்தான். எழுந்து வாசல் வரைக்கும் போனது நான்தான். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. இருட்டுகிற பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் பின்னால் வந்து என் கையைப் பிடித்தான்.

"வர மாட்டாரும்மா. மண்ணு போட்டோம்ல. இனிமே தேடக் கூடாது."

அப்படியே அவர் சொன்ன மாதிரி சொன்னான். அப்புறம், "பசிக்குது, சோறு போடு" என்றான்.

முதல் தெவசத்தன்று கொழுந்தனார் தன் மகனைக் கூப்பிடவில்லை. என் பையனைப் பார்த்து, "வாடா, நீ வந்து ஒக்காரு" என்றார். சொன்னதை எல்லாம் அவன் நிதானமாகச் செய்தான், ஒன்றிரண்டு முன்னே பின்னே ஆனது, அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. இப்போது அவனுக்கும் காதோரம் நரைத்துவிட்டது. ஊரில் சாவு விழுந்தால் அவனையும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன், அவனும் ஒரு ஓரமாக நின்று அழ வேண்டியதற்கு அழுதுவிட்டு வருகிறான். அந்த பஸ் இன்னும் ஓடுகிறது. ஹாரன் கேட்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்: அவனுக்கு ஒன்றும் புரியாது என்று அன்றைக்கு தா.பழூருக்கு பஸ் ஏற்றி அனுப்பினோமே, அத்தனை கூட்டத்திலும் என்னைப் போலவே அவரை இழந்திருந்த ஒரே ஆள் அவன்தான், அவனையும் அனுப்பிவிட்டுத்தான் நான் தனியாகிவிட்டேன் என்று அழுதுகொண்டிருந்தேன்.