டொலினா வாங்கிய சறுக்குவண்டி

டொலினா மெக்கேஸ்கிலை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் ஹெக்டரின் கடை முற்றத்தில், தூறலில், ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிக்குள் முழங்காலை மடக்கிப் படுத்திருந்தார். பூட்ஸ் வாங்கப் போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஹெக்டர் மட்டும் ஒன்றும் நடக்காததுபோலக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.

“சவப்பெட்டிக்கு அளவு பாக்கறியா டொலினா? அதுக்குத் தச்சன் பக்கத்துத் தெருவுல இருக்கான்.”

“ஒரு மான் நெளியாம படுக்குமான்னு பாக்கறேன். உன்னைப் போட்டுப் பாத்திருப்பேன், தொப்பை உள்ள போவாது.”

மான் சுடுவதுதான் டொலினாவின் தொழில். அவரும் கணவர் ஃபார்கரும் ஏரிக்கு அந்தப் பக்கத்து மலையை, அதன் சொந்தக்கார எஸ்டேட்டுக்காகப் பார்த்துக்கொண்டவர்கள். மலையின் மேய்ச்சல் தாங்குவதற்காகக் குளிர்காலத்தில் பெண் மான்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். சுடுவது அதில் சின்ன வேலை. சுட்டதை, இறைச்சி கெடாதபடி அடிபடாமல் ஏரிக்கரைக்கு இறக்குவதுதான் பெண்டு நிமிர்த்துகிற வேலை. சதுப்பு கிழிந்துவிடும் என்று எஸ்டேட் அங்கே எந்த வண்டியையும் விடுவதில்லை. மானின் கழுத்தில் கயிறு கட்டி, இருவருமாக இழுத்தே இத்தனை குளிர்காலத்தையும் ஓட்டியிருந்தார்கள். அந்த வருடம் ஃபார்கரின் இடுப்பு மூட்டு தேய்ந்துபோயிற்று. படகில் உட்கார்ந்து ஓட்ட முடியும். மலை ஏற முடியாது.

மேலாளர் ருவரி நல்ல மனிதர்தான். கிறிஸ்துமஸ் வரை பார்க்கலாம் என்றார். அதற்குள் டொலினா தனியாக மான்களை ஒழுங்காக இறக்கிக் காட்டாவிட்டால், மலையைத் தெற்கிலிருந்து வருகிற ஒப்பந்தக்காரர்களிடம் கொடுத்துவிடுவார். அப்புறம் டொலினாவுக்கு மிஞ்சுவது விருந்தினர் மாளிகையில் படுக்கை விரிக்கிற வேலைதான். யாரோடும் வாயாடுகிற அவர், இந்தப் பேச்சு வந்தால் மட்டும் எழுந்து அடுப்பைக் கிளறப் போய்விடுவார்.

மானை வைத்து இழுக்கிற சறுக்குவண்டியில் ஹெக்டரின் கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று, அவர் படுத்துப் பார்த்த அந்த விறைப்பான தொட்டி. இன்னொன்று, தடித்த பிளாஸ்டிக் விரிப்பு. மானை அதில் கிடத்தி, நாடாவால் வரிந்து இழுக்க வேண்டும். வேலை முடிந்தால் பாயைப் போலச் சுருட்டி முதுகில் மாட்டிக்கொள்ளலாம்.

“தொட்டியை எடு,” என்றார் ஹெக்டர். “வெண்ணெய் மாதிரி வழுக்கும். பாய் தரையோட ஒட்டிக்கிட்டு உரசும். உன் வயசுக்கு அது ஆவாது.”

“என் வயசு உனக்கு எதுக்கு?” என்று கேட்டுவிட்டுத் தொட்டியைத்தான் வாங்கினார் டொலினா.

முதல் மானைத் தொட்டியில் வைத்து இழுத்தபோது, ஹெக்டருக்கு ஒரு விஸ்கி வாங்கிக் கொடுக்கலாம் என்றுகூட அவருக்குத் தோன்றியது. சதுப்பில் தொட்டி படகைப் போல மிதந்து வந்தது. மேட்டுப் புதர்களில் நாய்க்குட்டியைப் போலப் பின்னாலேயே வந்தது. பிறகு ஏரிக்கு மேலேயுள்ள செங்குத்தான இறக்கம் வந்தது. வழக்கம்போலக் கயிற்றைத் தோளில் போட்டு முன்னால் நடந்தார். பத்தடிகூடப் போகவில்லை. தொட்டி பின்னாலிருந்து முழங்காலில் இடித்து அவரைக் குப்புறத் தள்ளிவிட்டு, தாண்டிக் குதித்து, பாறைக்குப் பாறை மோதி ஏரியில் போய் விழுந்தது.

கரையோரம் படகில் காத்திருந்த ஃபார்கர் அதைக் கொக்கி போட்டு இழுத்தார்.

“அடி பட்டுச்சா?”

“எனக்கா, மானுக்கா?”

“மான் செத்துப்போச்சுடி. உன்னைத்தான் கேக்கறேன்.”

இறைச்சிக் கூடத்தில் ருவரி மானைப் புரட்டிப் பார்த்தார். தொடை முழுக்க ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. விலா எலும்புகள் நொறுங்கியிருந்தன. “கிறிஸ்துமஸ்னு சொன்னேன், அதை மாத்தல,” என்றார். “ஆனா இன்னொண்ணு இப்படி வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது டொலினா.”

வீட்டுக்கு வந்து முழங்காலில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார் டொலினா. ஃபார்கர் சூப்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார்.

“அதே இறக்கம்தானே. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட மான் என்னை முந்தினதில்லையே.”

“நான் பின்னால வந்தேன்ல.”

“வந்தே, வந்தே. பைப்பைப் புகைச்சுக்கிட்டு, கையை வீசிக்கிட்டு.”

“ஒரு கையைத்தான் வீசினேன். இன்னொரு கையில மானோட பின்னங்காலைப் பிடிச்சிருந்தேன்.”

டொலினா அவரை நிமிர்ந்து பார்த்தார். இறக்கத்தில் கால் வைக்கிற இடத்தைப் பார்த்தே பழகியவர், ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. சமவெளியில் தன்னோடு சேர்ந்து இழுத்துவிட்டு இறக்கம் வந்ததும் கயிற்றை விட்டுவிடுகிறான் என்று ஃபார்கரை ஊரில் பாதிப் பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். இப்போது யோசித்தால், அந்த இறக்கத்தில் இழுப்பதற்கு என்ன இருக்கிறது? கனமே தானாக இறங்குகிறது. அதைப் பிடித்து நிறுத்த ஒரு ஆள்தான் வேண்டும். தொட்டியோ நிற்கவே தெரியாத சாமான்.

மறுநாள் தொட்டியைத் திருப்பிக் கொண்டுபோனார்.

“என்ன, வெண்ணெய் பிடிக்கலையா?” என்றார் ஹெக்டர்.

“போறதுக்கு நல்லாத்தான் போவுது. அந்தப் பாயைக் குடு.”

பாய் ஹெக்டர் சொன்னபடியே உரசியது. சதுப்பைக் கடப்பதற்குள் நாலைந்து இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டியிருந்தது. இறக்கத்தின் உச்சிக்கு வந்ததும் டொலினா நாடாக்களை அவிழ்த்தார். பாயைச் சுருட்டி முதுகில் மாட்டினார். தொட்டியாக இருந்தால் அதை எங்கே மாட்டுவது? மானைத் தரையில் கிடத்தி, வால் பக்கம் கீழே வரும்படி திருப்பினார். தலைப் பக்கமாக இழுத்தால் மானின் முடி படிந்து வழுக்கும். இப்படித் திருப்பினால் முடி எதிர்த்து நின்று புதரைப் பற்றும். மானை முன்னால் விட்டு, கயிற்றை இடுப்போடு சுற்றிப் பிடித்துக்கொண்டு, முதல்முறையாகப் பின்னால் நடந்தார். சில இடங்களில் காலால் உந்தித் தள்ளவேண்டி வந்தது. சில இடங்களில் குதிகாலை ஊன்றிச் சாய்ந்து நின்றார். வெளிச்சம் மங்குவதற்குள் மான் கரைக்கு வந்துவிட்டது, ஒரு கீறல்கூட இல்லாமல்.

ஃபார்கர் படகிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்படி இருந்துச்சு என் இடம்?”

“தோள்பட்டை கழண்டுபோச்சு. ஏன்யா ஒருநாளும் சொல்லல?”

“சொன்னா இடம் மாத்திக்கலாம்பே. முன்னால இழுக்கறது அதைவிடக் கஷ்டமா இருந்துட்டா?”

டொலினா ஈரக் கையுறையை அவர்மேல் விட்டெறிந்தார். பிறகு இருவருமாக மானைத் தூக்கிப் படகில் போட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்குள் வந்த மான்கள் எதிலும் ருவரிக்குக் குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஒப்பந்தக்காரர்களை அவர் கூப்பிடவில்லை.

டொலினாவுக்கு இப்போது அறுபது நெருங்குகிறது. ஏரிக்கு அந்தப் பக்கத்து மலை இன்னும் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. ஃபார்கர் மூட்டு மாற்று சிகிச்சை செய்துகொண்டு, கம்பு ஊன்றி நடக்கிறார். படகு அவருடைய வேலை.