காற்றைப் பார்த்துத் திரும்பிய படகு

நங்கூரத்தைத் தொடுவதற்கு முன் அண்ணி செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளுவார். பிறகு குனிந்து தன் கால்களைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பார். கல்யாணமாகி வந்ததிலிருந்து இதைக் கவனித்து வந்தேன். கயிற்றுச் சுருளுக்குள் கால் இருந்தால் நங்கூரத்தோடு ஆளும் போய்விடுவார் என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

"என்னக்கா, விரலெல்லாம் சரியா இருக்கா?" என்று என் கணவர் சீண்டுவார்.

"எனக்கு இருக்கு. உன் மண்டைக்குள்ளதான் ஏதாச்சும் இருக்கான்னு பாக்கணும்" என்பார் அண்ணி.

அண்ணி என் கணவரின் மூத்த அக்கா. சுற்றிப் பார்க்க வருகிறவர்களை எங்கள் மோட்டார் படகில் ஏரிக்குள் அழைத்துப் போவதுதான் எங்கள் பிழைப்பு. கணவர் ஓட்டுவார், நான் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவேன், நங்கூரம் அண்ணியின் பொறுப்பு.

படம் எடுக்க எல்லோருக்கும் படகின் முன்பக்கம்தான் வேண்டும். அங்கே சேறு வழியும் நங்கூரம் கிடந்தால் முகம் சுளித்தார்கள். அதனால் கரையிலிருந்த மற்றப் படகுக்காரர்களைப் போல என் கணவரும் பின்பக்கம் கயிறு கட்ட ஒரு இரும்பு முளையைப் பொருத்தி, நங்கூரக் கயிற்றை அங்கே மாற்றிவிட்டார்.

"பின்னாடி வேணாம்டா. அந்தப் பக்கம் ஏற்கெனவே தாழ்வு, இன்ஜின் பாரம் வேற. அலை வந்தா நேரா உள்ளதான் ஏறும்."

"ஏரியில ஏதுக்கா அலை? குளிக்கிற தொட்டியாட்டம் கிடக்கு!"

ஒரு நாள் பிறந்தநாள் கொண்டாட ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு வந்தது. பாறைக் கரைக்குக் கொஞ்சம் தள்ளி நங்கூரம் போட்டோம். கேக் வெட்டிக்கொண்டிருக்கும்போதே காற்று பிடித்தது. பின்பக்கக் கயிறு விறைத்தது. அலை வரும்போதெல்லாம் பின்பக்கம் எழும்ப முடியாமல் கயிறு இழுத்துப் பிடிக்க, தண்ணீர் மடமடவென்று உள்ளே விழுந்தது. கேக் டப்பா மிதந்தது. கணவர் இன்ஜினை இழுத்து இழுத்துப் பார்த்தார். அது இருமிவிட்டு அடங்கியது. உடனே கத்தியை எடுத்தார்.

"கயித்த அறுத்துடறேன்!"

"அறுத்தா பாறையிலதான் போய் மோதுவோம். கத்திய கீழ போடு!" அண்ணி எல்லோர் பக்கமும் திரும்பினார். "நடுவுல உக்காருங்க. யாரும் எந்திரிக்காதீங்க."

பின்முளையில் சுற்றியது போக நங்கூரக் கயிற்றின் மீதி வாளியில் சுருண்டு கிடந்தது. அண்ணி அதன் நுனியை எடுத்து, படகின் கூரையைத் தாங்கும் கம்பிகளில் சிக்காமல் வெளிப்பக்கமாகப் பிடித்தபடி, விளிம்போடு விளிம்பாக முன்பக்கம் ஊர்ந்து போனார். குப்புறப் படுத்து, அங்கிருந்த பழைய முளையில் கட்டினார். திரும்பி வந்தார். இப்போது பின்முளையில் சுற்றியிருந்த கயிற்றைக் கழற்ற வேண்டும். அது இறுகிக் கிடந்தது. அலை கடந்த மறுநொடி கயிறு சற்றுத் தளரும். அந்தத் தளர்ச்சிக்காக அண்ணி காத்திருந்து, ஒவ்வொரு சுற்றாக எடுத்தார். நான் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்திருந்தேன். கடைசிச் சுற்று விடுபட்டபோது கயிறு அவர் கையையும் சேர்த்து வெடுக்கென்று இழுத்தது. "அம்மா!" என்றார். கையை விடுவித்துக்கொண்டார்.

படகு பாறையை நோக்கிப் போனது. குழந்தையின் தாய் கத்தினாள். அப்போது மீதிக் கயிறும் ஓடி முடிந்து விறைக்க, முன்பக்கத்தை யாரோ பிடித்தது போலிருந்தது. அவ்வளவு பெரிய படகு, யாரும் தொடாமல், பேர் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்ட மாதிரி மெல்லத் திரும்பியது. பாறைகள் எங்கள் முதுகுப் பக்கம் போயின. எதிரே ஏரி முழுவதும் விரிந்தது. அலைகள் வந்து வந்து எங்கள் முன்னால் இரண்டாகப் பிளந்து போயின. அதே காற்று, அதே அலை, அதே கயிறு. ஆனால் ஒரு வாய்த் தண்ணீர்கூட உள்ளே வரவில்லை. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அந்த அலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே நின்ற தண்ணீரை வாளியால் இறைத்தோம். காற்று தணிந்ததும் வேறொரு படகு வந்து எங்களை இழுத்துப் போனது.

"எப்படிக்கா தோணுச்சு உனக்கு?" என்று கேட்டார் கணவர்.

"கயிறு மிச்சம் கிடந்துச்சு, அதான். நீ கத்தியத் தூக்கின பாரு, அப்பதான் எனக்கு உசுரே போச்சு."

அண்ணியின் வலது தோள் அன்று பிசகியதுதான், இன்னும் சரியாகவில்லை. பின்பக்க முளையைக் கணவர் அறுத்து எடுத்துவிட்டார். இப்போது நங்கூரத்தை நான் போடுகிறேன். அண்ணி இடது கையால் படகை ஓட்டுகிறார். லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவது கணவர்.