இருபதாவது சான்றிதழ்

வலேனி ஊர்ப் பல்கலைக்கழகக் கிளையில் அவுரிகா இருபத்திரண்டு வருஷமாக எழுத்தர். மூன்று வருஷத்துக்கு முன்பு நிலக்கரிச் சுரங்கத்தில் மண் சரிந்து அவள் கணவன் இலாரியோன் போய்ச் சேர்ந்தான். அதிலிருந்து அவளுக்கு எதுவுமே உறைப்பதில்லை. முந்தாநாள் காலில் கொதிக்கக் கொதிக்க சூப் கொட்டியது. "ஓ, கொட்டிடுச்சா" என்று துடைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சுரங்கத்தை மூடினார்கள். சாம்பல் மேட்டில் சூரியத் தகடுகள் வந்தன. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் மட்டும் தலைநகர் புக்கரெஸ்ட்டிலிருந்து வந்தார்கள். என்ன அநியாயம்! உள்ளூர்க்காரர்களுக்கு நாலு வருஷ மின்சக்திப் படிப்பு தொடங்க அமைச்சகம் ஒருவழியாக இறங்கிவந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குள் இருபது அசல் பள்ளிச் சான்றிதழ்கள் அலமாரியில் இருக்க வேண்டும். நகலை எத்தனை இடத்திலும் கொடுக்கலாம். அசல் எங்கே இருக்கிறதோ, அங்கேதான் பிள்ளை சேர்ந்ததாகக் கணக்கு. ஒன்று குறைந்தாலும் படிப்பு கிடையாது, கிளைக்கும் பூட்டு.

வெள்ளி ஒன்றரை மணிக்கு எண்ணினாள். சரியாக இருபது. இருபதாவது சான்றிதழ், அவள் மகள் இலிங்காவினுடையது.

அந்த இலிங்காவே ஜன்னலில் வந்து நின்றாள்.

"அம்மா, திமிஷோவாராவுல நர்சிங் கிடைச்சிருச்சு. நாளைக்குள்ள அசல் வேணுமாம்."

"இங்கதான் படிப்பேன்னு சொன்னியேடி."

"நீ கெஞ்சுனே, வெச்சேன். அப்பாவை முழுங்குன இடத்துலயே நானும் போய் நிக்கணுமா?"

அரைமணி இழுத்தடித்தால் இருபது பேர் பட்டியல் அமைச்சகத்துக்குப் போய்விடும், படிப்பும் தப்பித்துவிடும். சாவியைத் தேடுவதுபோல நடிக்கலாமா என்று நினைத்தாள். அதற்குள் கை அதுபாட்டுக்கு அலமாரியைத் திறந்துவிட்டது.

"இங்க கையெழுத்துப் போடு. பஸ்ல பையை மடியில வெச்சுக்கோ."

மகள் உள்ளே வந்து கட்டிப்பிடித்தாள். அவுரிகா மரக்கட்டையாக நின்றாள்.

சேர்க்கையைக் கவனிக்கும் பேராசிரியர் ஸ்தொய்க்கா எட்டிப் பார்த்தார். "இருபதுதானேம்மா?"

"பத்தொன்பது, சார்."

"போச்சு போ! இந்தப் படிப்புக்காக ரெண்டு வருஷமா நாயா அலைஞ்சேனே!" அப்படியே நாற்காலியில் விழுந்தார்.

அவுரிகா ஊழியர் கோப்புகள் இருந்த அலமாரிக்குப் போய், தன் கோப்பிலிருந்து பழுப்பேறிய தாள் ஒன்றை உருவினாள். வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த அவளுடைய பள்ளிச் சான்றிதழ். அசல்.

"வயசு வரம்பு இல்லை சார். விதியை நான்தானே டைப் அடிச்சேன்."

"விளையாடுறியா? நாற்பத்தாறு வயசுல கணக்கு வருமா உனக்கு?"

"வராது. நீங்க எதுக்கு இருக்கீங்க?"

இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது முத்திரை குத்தினாள்.

சாயங்காலம் இலிங்கா பஸ்ஸிலிருந்து கூப்பிட்டாள். "அம்மா, என்னால படிப்பு நின்னுபோச்சா?"

"இல்லடி. இருபதும் சேந்தாச்சு."

"அப்பாடா! யாரு கடைசியா?"

"உள்ளூர் ஆள்தான்."

போனை வைத்ததும், சூப் கொட்டிய கால் எரியத் தொடங்கியது. அம்மாடி, என்ன எரிச்சல்!