சிவப்புப் பெட்டியும் அவளுக்குக் கிடைத்த இடமும்

சிவப்புப் பெட்டி நிரம்பி, அதற்கு மேல் குவிந்திருந்த ரப்பர் வளையங்கள் சரிந்து தரையில் உருண்டபோதுதான் எனக்கு அது தோன்றியது. ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் கார் பிரேக்குக்குள் போகும் சின்ன ரப்பர் வளையங்கள் செய்கிறோம். ஒவ்வொரு வளையமும் ஒரு கேமராவுக்கு அடியில் போகும். கீறலோ பிசிறோ இருந்தால், குழாயிலிருந்து வரும் காற்று ஒரே ஊதலில் அதைச் சிவப்புப் பெட்டிக்குள் தள்ளிவிடும். அந்த வாரம் கார் கம்பெனியிலிருந்து ஒரு புகார் வந்திருந்தது. புகார் வந்தால் கேமராவின் சோதனை அளவை இறுக்குவார்கள். இறுக்குவதற்கு ஒரு போன் போதும். தளர்த்துவதற்கோ கார் கம்பெனியின் ஒப்புதல் வேண்டும். அதைப் போய்க் கேட்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை. இப்படிப் புகாருக்குப் புகார் இறுகிக்கொண்டே போன கேமரா, தூசியைக் கண்டாலும் தள்ளியது, விளக்கு வெளிச்சம் பட்டு வளையம் மின்னினாலும் தள்ளியது. திருடனுக்காக வைத்த காவல் வீட்டுப் பிள்ளைகளையே அடித்து விரட்டுகிறதே என்று நினைத்தேன். நினைத்த மறுகணம் என் பார்வை எதிரே உட்கார்ந்திருந்தவளின் கைக்குப் போனது.

அவள் என் தோழி. மறுபரிசோதனை மேசையில் எனக்கு எதிர் நாற்காலி, கம்பெனி பஸ்ஸில் பக்கத்து இருக்கை. சிவப்புப் பெட்டியில் விழுந்ததையெல்லாம் லென்ஸுக்குக் கீழே திருப்பிப் பார்த்து, நல்லதை மறுபடி லைனுக்கு அனுப்புவதுதான் எங்கள் மேசையின் வேலை. இருவருமே உயிர்த்தொழில்நுட்பத்தில் முதுகலை முடித்தவர்கள். ஆராய்ச்சிக்குப் போகிற வரைக்கும் இது என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர்கள். நான் தென்காசிப் பக்கம். ஸ்ரீபெரும்புதூரில் விடுதியில் தங்கியிருந்தேன். அவளுக்குப் பிள்ளைப்பாக்கத்தில் சொந்த வீடு. அவள் வலது கையில் விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை வெண்புள்ளி படர்ந்திருந்தது. கேன்டீனில் யாராவது அதை உற்றுப் பார்த்தால் கையை நீட்டி, "கிட்ட வந்து பாரு, டிக்கெட் இல்ல" என்பாள். பார்த்தவர்கள்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்வார்கள்.

அன்று மாலை பஸ்ஸில் ஏறியதும் ஏறாததுமாக நான் கொட்டினேன்.

"ஏட்டி, அந்தக் கேமராவுக்கு வந்திருக்கதும் உன் தோலுக்கு வந்திருக்கதும் ஒரே சீக்கு, பாத்துக்க."

"இன்னாடி, நாள் பூரா ரப்பர பாத்து மூளை கொழம்பிச்சா?"

நான் விடவில்லை. நோயை எதிர்க்க உடம்பு வைத்திருக்கும் டி செல்களில் சில, நிறம் தரும் செல்களையே எதிரி என்று நினைத்துக் கொன்றுவிடுகின்றன. வெண்புள்ளி அப்படித்தான் வருகிறது. இது அவளுக்கும் தெரியும், பாடத்தில் படித்திருந்தோம். நான் சொன்னது அதற்கடுத்த படி. எல்லார் உடம்பிலும் இப்படித் தவறாகப் பாயக்கூடிய செல்கள் கொஞ்சம் இருக்கத்தான் செய்கின்றன. நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள சுரப்பியில் நடக்கும் சோதனையில் பெரும்பாலானவை கழிக்கப்பட்டாலும் சில தப்பித்து வெளியே வந்துவிடும். ஆனாலும் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. ஏனென்றால் அவற்றைப் பிடித்து நிறுத்த இன்னொரு வகை டி செல் இருக்கிறது. அடக்கும் செல். உலகமெங்கும் ஆய்வகங்களில் இப்போது அதன் பின்னால்தான் ஓடுகிறார்கள்: அதை வெளியே வளர்த்துத் திரும்பச் செலுத்த முடியுமா, சரியான இடத்துக்கு அனுப்ப முடியுமா, போன இடத்தில் அது தன் வேலையைத் தொடருமா என்று.

"அப்ப கேமராவ யாரு அடக்கறது?" என்றாள்.

"நாமதான். நம்ம மேசைதான் அந்தச் செல்லு."

அவள் இறங்கும்வரை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

சில வாரங்களில் ஒரு விளம்பரம் வந்தது. சென்னையில் ஓர் ஆய்வகம், இதே அடக்கும் செல்களைப் பற்றிய திட்டம், ஆராய்ச்சி உதவியாளர் பணி, ஒரே ஓர் இடம். எங்கள் இருவருக்கும் அதைவிட்டால் வேறு வழி கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கு ஊரில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். ஒன்றாகவே விண்ணப்பித்தோம், ஒரே நாளில் விடுப்பு எடுத்தோம், ஒரே பஸ்ஸில் போனோம். என்னை முதலில் கூப்பிட்டார்கள். இந்தத் துறைக்கு ஏன் வர விரும்புகிறாய் என்று கேட்டார்கள். நான் மூலக்கூறுகளின் பெயர்களைச் சொன்னேன், மரபணுவைச் சொன்னேன், சமீபத்தில் படித்த கட்டுரைகளை வரிசையாகச் சொன்னேன். கேமரா கதை நாக்கு நுனி வரை வந்தது. படித்தவர்கள் முன்னால் போய் ஒரகடத்துச் சிவப்புப் பெட்டியைப் பற்றிப் பேசுவதா என்று விழுங்கிவிட்டேன். உற்பத்திக்கூடத்தில், ஷாப் ஃப்ளோரில், வேலை பார்ப்பதையே, தர ஆய்வுப் பிரிவு என்று கௌரவமாக மூடிச் சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பும்போது பூந்தமல்லி தாண்டியதும் அவளே சொன்னாள்.

"உன் கேமரா கதையத்தான்டி சொன்னேன். சிரிச்சிட்டாங்க. அப்பறம் கையக் காட்னேன். உன் பேரயும் சொன்னேன், ஐடியா அவளுதுன்னு."

என் பேரைச் சொன்னாளாம். என் பேருக்கு அங்கே என்ன வேலை? ஆள் உள்ளே போகாத இடத்தில் பேர் மட்டும் போய் என்ன செய்யும்? நல்லது என்று சொன்னேன். அவள் வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினாள், பசியில்லை என்றேன். நல்ல பசி.

இடம் அவளுக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகான மாதங்களில் என் பொறாமைக்கு என்னென்ன கிடைத்ததோ எல்லாவற்றையும் தின்றது. அவள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு அனுப்பிய படம், அவள் சொன்ன நுண்ணோக்கியின் விலை, தன் பேராசிரியரைப் பற்றி அவள் அலுத்துக்கொண்ட விதம்கூட. அலுத்துக்கொள்ள எனக்கு ஒரு பேராசிரியர் இல்லையே. வாய்விட்டுச் சொல்ல முடியாதது இன்னொன்று: அவள் கையின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. ஏன் இந்தத் துறை என்று கேட்டால் நீட்டிக் காட்ட அவளிடம் ஒன்று இருந்தது. என் தோலில் ஒரு குறையும் இல்லை. ஆகவே என் ஆர்வத்துக்குச் சாட்சியும் இல்லை. அந்தக் கையோடு அவள் வீட்டில் எத்தனை கல்யாணப் பேச்சுகள் முறிந்தன என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் வந்தது. தெரிந்தால் நின்றுவிடுகிற சரக்கா பொறாமை?

அவள் போன பிறகு அவள் நாற்காலிக்கு லைனிலிருந்து ஒரு பெண்ணை மாற்றினார்கள். அதே சமயம் இன்னொரு புகார் வந்தது. சூப்பர்வைசர் எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். நல்ல வளையங்களைக் காப்பாற்ற உட்கார்ந்திருந்த நாங்களே, நமக்கேன் வம்பு என்று அவற்றைக் கழிக்க ஆரம்பித்திருந்தோம். லைனிலிருந்து வந்தவள் முதலில் மாறினாள். ஆரம்பத்திலிருந்தே மேசையில் இருந்தவர்கள் கொஞ்சம் தாக்குப்பிடித்து, பிறகு மாறினோம். சூப்பர்வைசர் போன பிறகும் எல்லாரும் உடனே பழையபடி ஆகவில்லை. சிலர் மறுநாளே தெளிந்தார்கள். அந்தப் பெண் மட்டும் ரொம்ப நாள் கண்ணில் பட்டதையெல்லாம் கழித்துக்கொண்டிருந்தாள். இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வைத்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தோழி என்னைப் பார்க்க ஸ்ரீபெரும்புதூர் வந்தாள். பஸ் நிலையத்துக்கு எதிரே ஜூஸ் கடையில் உட்கார்ந்தோம். மெலிந்திருந்தாள். வளர்க்கும் செல்கள் அவளைப் படுத்துகின்றனவாம்.

"அடக்கற செல்லுன்னு பாத்து பாத்து வளக்கறேன்டி. வீக்கம் வரும்போது ஒடம்பு அனுப்புற சிக்னல அதுங்களுக்குக் குடுத்தா, பாதி அடக்கறத வுட்டுட்டு தானே அடிக்கப் போவுது. நோயாளி ஒடம்புல வீக்கம் இருக்கத்தான் செய்யும். அதுக்குள்ள இதப் போட்டு இன்னா பிரயோஜனம்? ஏன் மாறுதுன்னுதான் மாசக்கணக்கா தேடிகினு கீறேன்."

மேசை, சூப்பர்வைசர், லைனிலிருந்து வந்த பெண், எல்லாம் என் மனதில் ஒன்றாக எழுந்து வந்தன. எல்லாரும் அது ஏன் மாறுகிறது என்று கேட்கிறார்கள். சிக்னலை எடுத்துவிட்டால் மாறியது திரும்பி வருமா? எது வரும், எது வராது? வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். சாத்துக்குடி ஜூஸை ஒரே மூச்சில் குடித்தேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ வாய மூடிகினு கீறன்னா உள்ள ஏதோ மாட்டிகிச்சின்னு அர்த்தம்."

"ஒண்ணுமில்ல."

"சொல்லாத. நான் கேக்கல. போன தபா சொல்லிட்டு எத்தினி மாசம் என் மூஞ்சியப் பாக்காம இருந்த? எங்க லேபுல இன்னோர் எடம் வருது. உள்ள மாட்டினத எழுதி எடுத்துகினு வா. இந்த வாட்டி என் பக்கத்துல ஒக்காரப் போறவள செலக்ட் பண்ண நானும் உள்ள இருப்பேன். சும்மா வுட மாட்டேன், கேள்வி கேப்பேன்."

காசையும் அவளே கொடுத்தாள். பெருந்தன்மையிலும் என்னை முந்திவிட்டாளே என்று அதற்கும் வயிறு எரிந்தது.

இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். செல்கள் மாறுவதற்கு முன்பே அவற்றுக்கு ஓர் அடையாளம் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால், மாறிய பிறகு, முன்பு அடக்கியவை எவை என்று பிரித்தறிய முடியாது. சுரப்பியிலிருந்தே அடக்குபவையாக வந்தவை ஒரு தட்டு, பிற்பாடு அடக்குபவையாக மாற்றப்பட்டவை இன்னொரு தட்டு. இரண்டுக்கும் வீக்கத்தின் சிக்னலைக் கொடுத்து, மாறவிட்டு, பிறகு சிக்னலைக் கழுவி எடுக்க வேண்டும். அதற்கப்புறம் பாயும் செல்களை அருகே விட்டு, இவை மறுபடி பிடித்து நிறுத்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். என்னைப் போல வேறு யாராவது இதைச் செய்துவிட்டார்களா என்று தேடிக்கொண்டும் இருக்கிறேன். ஒவ்வொரு கட்டுரையைத் திறக்கும்போதும், முகம் தெரியாத யார் மீதோ முன்கூட்டியே ஓர் எரிச்சல். அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். கழுவி எடுத்த பிறகு எத்தனை நாள் காத்திருப்பாய், அதற்குள் செல்கள் செத்துவிட்டால் என்ன செய்வாய் என்றுதான் கேட்பாள். அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. அந்தப் பத்தியைத்தான் அடுத்து எழுத வேண்டும்.