கேட்டு நடக்காத பாதை

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கேஸ் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். பேச்சியம்மாளின் மருமகன் வந்து நின்றார். "அத்த போயிட்டாக, வக்கீலய்யா. நாலு மணிக்கு எடுக்குறோம். நம்ம பாதை வழியாத்தான்."

அந்த 'நம்ம பாதை'க்காக மூன்று கோர்ட் ஏறியவர் பேச்சியம்மாள். ராஜபாளையத்தில் நூல் மில் தொழிலாளி. தெருவுக்கும் மில்லுக்கும் நடுவே ஒரு மாந்தோப்பு. இருபது வருடத்துக்கு மேலாகத் தெருப் பெண்கள் ஷிப்டுக்கு நடந்த பாதையை, எண்பதுகளின் நடுவில் தோப்புக்காரர் முள்கம்பி போட்டு அடைத்தார். சுற்றிப் போனால் ஓடையைத் தாண்ட வேண்டும். மழை பெய்தால் வேலை போச்சு. பேச்சியம்மாள் வழக்குப் போட்டார். வக்கீல் நான்.

முன்சீப் கோர்ட்டில் குறுக்கு விசாரணை. "தோப்புக்காரர் விட்டதால்தானே நடந்தீர்கள்?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். "யாரும் தடுக்கல. நாங்க யாருகிட்டயும் கேக்கவும் இல்ல. எங்க பாதை, நடந்தோம்" என்றார் இவர். அதை வாக்குமூலமாக நீதிபதி டைப்பிஸ்டுக்குச் சொன்னதோ, "தோப்புக்காரர் அனுமதித்ததால் நடந்தோம்." அந்த ஒரு வரி போதும், கேஸ் செத்தது. அனுமதியில் நடந்தவருக்கு எத்தனை வருடமானாலும் சட்டப்படி உரிமை வராது; கேட்காமலே இருபது வருடம் நடந்தவருக்குத்தான் வரும். நான் அப்போது ஏதோ காகிதத்தைத் தேடிக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

முடிந்ததும் வழக்கப்படி கிளார்க் வாக்குமூலத்தைக் கடகடவென்று படித்துக் காட்டினார். சாட்சிகள் யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை, பேனாவைத்தான் தேடுவார்கள். பேச்சியம்மாள் "நிறுத்துங்க, இது நான் சொன்னதில்ல" என்றார். "எல்லாம் ஒன்றுதான், கையெழுத்துப் போடும்மா" என்றார் நீதிபதி. நானும் போடச் சொல்லிக் கண்ணைக் காட்டினேன். அவர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"அய்யா, மேல்கோர்ட்டுல என்னையக் கூப்புட மாட்டாகளாம். இந்தத் தாளத்தான் பாப்பாகன்னு எங்க வக்கீலய்யாவே சொன்னாக. அப்ப இதுல நான் இருக்கணும்ல?"

நீதிபதிக்குக் கோபம். ஆனாலும் வரியை அடித்துத் திருத்தினார்.

அங்கே தோற்றோம். எழுத்து ஆதாரம் இல்லையாம். சப் கோர்ட்டுக்கு அப்பீல் போனோம். அங்கே கூண்டு இல்லை, சாட்சி இல்லை, காகிதம் மட்டும்தான். பேச்சியம்மாளின் முகத்தையே பார்க்காத நீதிபதி, திருத்திய அந்த வரியைச் சுட்டிக்காட்டித் தீர்ப்பை எங்கள் பக்கம் மாற்றினார். தோப்புக்காரர் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார். இரண்டாம் அப்பீலில் சட்டக் கேள்வியைத்தான் எழுப்பலாம், நடந்ததா இல்லையா என்பதைக் கிளற முடியாது. தொண்ணூறுகளில் அது தள்ளுபடியானது. பேச்சியம்மாளிடம் சேதி சொல்லப் போனேன். "ஐகோர்ட்டு குடுத்துச்சுன்னு சொல்லாதீக. நம்மகிட்ட இருந்தத ஒத்துக்கிட்டாக, அம்புட்டுத்தான்" என்றார்.

அவரை வாயாடி என்று கேலி செய்த வக்கீல் நண்பர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த வாய் இல்லாவிட்டால், நாமெல்லாம் சேர்ந்து ஒரு பொய்யைச் சென்னை வரை ஏற்றியிருப்போம்.

நாலு மணிக்குப் பாடை பாதை முனைக்கு வந்தது. தோப்புக்கு இப்போது தோப்புக்காரரின் மகன் பொறுப்பு. அவர் ஆள் அனுப்பியிருந்தார். "தாராளமா இப்படியே கொண்டு போங்க, முதலாளி சொல்லச் சொன்னாக." நல்ல மனதோடு சொன்னதுதான். பேச்சியம்மாளின் மகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்த ஆளைப் பார்த்தார்.

"நாங்க கேக்கலையேண்ணே."

பாடை நகர்ந்தது.

அடித்துத் திருத்திய அந்தப் பக்கத்தின் நகல் என் மேசையில் இருக்கிறது. என் சாட்சி யாராக இருந்தாலும், அதைக் காட்டிய பிறகே கூண்டில் ஏற்றுகிறேன்.