பாலுக்கு எத்தனை தட்டு

எண்பதுகளின் நடுவில் உத்தனப்பள்ளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாகச் சேர்ந்தேன். எழுத்துக்கு முன்னால் ஓசை என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஒரு சொல்லில் வாய் எத்தனை முறை திறக்கிறதோ அத்தனை கைதட்டல். அம்மாவுக்கு இரண்டு, தக்காளிக்கு மூன்று. இதில் என்ன கஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் 'பால்' என்று சொல்லி ஒரு தட்டு தட்டினேன். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி மட்டும் இரண்டு தட்டினாள்.

"ஒண்ணுதாம்மா. பால்."

"பாலு, டீச்சர்." மறுபடியும் இரண்டு.

அவள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், தெலுங்கில் பாலுக்குப் 'பாலு' என்றுதான் பெயர் என்பது எனக்கு அப்போது தெரியாது. தப்பு என்று சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து அவள் தட்டவே இல்லை. கைகளைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து அவளுடைய அப்பா வந்தார். ஓசூர் தொழிற்சாலையில் ஷிப்டு முடித்து, நீலச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார். சண்டை போடப்போகிறார் என்று பயந்தேன்.

"பாப்பா வீட்ல பேசவே மாட்டேங்குது டீச்சர். நாம பேசறதே தப்புங்குது. என்ன தப்புன்னு சொன்னா நாங்க திருத்திக்கிறோம்."

"பால்னா ஒரு தட்டுதாங்க" என்றேன், குரல் இறங்கி.

"அப்ப கல்லுக்கு?" உள்ளங்கையில் மெதுவாக இரண்டு தட்டிக் காட்டினார்.

புத்தகத்தில் அது 'கல்', ஒரே தட்டு. ஆனால் என் வீட்டிலும் கல்லு என்றுதான் சொல்வோம். கேட்டுச் சொல்றேங்க என்று அவரை அனுப்பிவைத்தேன்.

தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டேன். "எழுத்த எண்ணச் சொல்லுங்க, தீர்ந்துபோச்சு. பா, ல், ரெண்டு" என்றார். அப்படியானால் சிறுமி சொன்னதுதான் சரி. ஆனால் அவள் எழுத்தை எண்ணவில்லையே! முன்னைவிட அதிகமாகக் குழம்பிப்போய் வெளியே வந்தேன்.

மறுநாள் ஒவ்வொருவரிடமும் வீட்டில் பாலை என்னவென்று சொல்வார்கள் என்று கேட்டேன். கன்னடம் பேசும் பையன் "ஹாலு" என்று இரண்டு தட்டினான். பிறகு அந்தச் சிறுமியிடம் வந்தேன்.

"சொன்னா தப்பா டீச்சர்?"

"எனக்கே தெரியலம்மா."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு, கைகளை வெளியே எடுத்து, "பாலு" என்று தட்டினாள். நானும் சேர்ந்து தட்டினேன்.

அடுத்து 'பஸ்' என்றேன். பாதிப் பேர் ஒன்று, பாதிப் பேர் 'பஸ்ஸு' என்று இரண்டு. யாருக்குச் சரி போடுவதென்று தெரியாமல், சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.