இருபத்தேழாவது கோடு

தெய்வம்மாள் 1971-இல் இலங்கையிலிருந்து, தலைமன்னாரில் கப்பலேறி வந்தவள். அங்கே பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் சிறுவயதில் மாட்டிய கொழுந்துக் கூடையைக் கீழ் கோத்தகிரிக்கு வந்தும் இறக்கவில்லை. கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி, அது இறங்கியதும் புகையிலை வைத்த வெற்றிலை. இந்த இரண்டிலும்தான் அவள் நாள் ஓடியது.

ஐம்பத்திரண்டு வயதில் தேத்தண்ணி நெஞ்சில் நிற்கத் தொடங்கியது. வலி இல்லை. ஒரு கணம் நிற்கும். பிறகு யாரோ வழிவிட்டதைப் போல இறங்கும். இடம் மாறவே மாறாது. விரல் வைத்துக் காட்டுவாள்.

"கப்பல்ல எதையோ முழுங்கிட்டு வந்திருக்க," என்றாள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த வீட்டுச் சின்னம்மை. "அது இப்பத்தான் முழிச்சிருக்கு."

"முழிச்சா கூடையத் தூக்கிக்கிட்டுக் கொழுந்தெடுக்க வரட்டும்."

1983-இல் புகையிலை போடுகிறவர்களுக்கு உணவுக்குழாய்ச் சோதனை என்று ஆஸ்பத்திரியில் முகாம் நடந்தது. வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். அப்படித்தான் போனாள். வெற்றிலை சாப்பாட்டில் சேருமா? பஸ்ஸில் இரண்டு முறை போட்டுக்கொண்டாள்.

"ஏனுங்கக்கா, கல்யாணத்துக்கா வந்தீங்க, வாயெல்லாம் செவக்க?" என்றபடி ஆயா ஜெஸிந்தா தலையைப் பிடித்துக்கொண்டாள்.

கறுப்புக் குழாய் இறங்கியது. மறுமுனையில் டாக்டர் ஒற்றைக் கண்ணை வைத்திருந்தார். அந்தக் காலத்துக் கருவியில் வேறு யாரும் எட்டிப் பார்க்க வழியில்லை.

"இருபத்தேழுல ஒரு சிவப்பு," என்றார். நுரையோ சாயமோ, கழுவிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அன்று கழுவவில்லை, வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். "வெத்தலைச் சாயம். அடுத்த ஆள்."

இருபத்தேழு என்றால் என்ன என்று ஜெஸிந்தாவிடம் கேட்டாள்.

"முன்பல்லுலிருந்து எத்தனை சென்டிமீட்டருன்னு குழாயில கோடு போட்டிருக்குதுங்க."

சாயம் போகட்டும் என்று அன்றே வெற்றிலையை விட்டாள். வாய் வெளுத்தது. தேத்தண்ணி நின்ற இடத்திலேயே நின்றது. மூடுபனிக்குள் தனியாகக் கொழுந்தெடுக்கும்போது எச்சில் விழுங்கினால், உள்ளே அது தனியாக இன்னொரு தடவை விழுங்கியது.

தையல்காரர் சங்கிலியிடம் டேப்பை வாங்கினாள். முன்பல்லில் வைத்து, தாடை, கழுத்து வழியாக இறக்கினாள். இருபத்தேழு அவள் விரல் வைத்துக் காட்டும் இடத்தில் வந்து நின்றது. மறுபடி அளந்தாள். அதே இடம்.

மறுநாளே லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். சீட்டு கொடுப்பவர் காகிதத்தைப் பார்த்தார்.

"நார்மல்னு எழுதியிருக்கும்மா. தைரியமாப் போங்க."

மூன்று தடவை அப்படியே திருப்பி அனுப்பினார்கள். நாலாவது தடவை போனபோது கஞ்சியும் இறங்கவில்லை. ஜெஸிந்தா யாரையும் கேட்காமல் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

அதே குழாய், அதே டாக்டர். இந்த முறை அவர் கண்ணை எடுக்கவில்லை. தண்ணீர் பீய்ச்சினார். பார்த்தார். மறுபடி பீய்ச்சினார். இருபத்தேழு என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுத்த ஆளையும் கூப்பிடவில்லை.

குழாய் வெளியே வந்தது. தெய்வம்மாள் கிண்ணத்தில் துப்பினாள். எச்சில் வெள்ளையாக இருந்தது. அதை டாக்டர் பார்க்கட்டும் என்று கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"டொக்டர் ஐயா, நான் வெத்தலைய விட்டு எட்டு மாசமாச்சு."